வெறும் பெட்டியின் பாரம்

கல்யாணத்தைத் திருடிக்கொண்டு போகிற கள்ளனை அபூதாஹிர் தன் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. ஆடு களவு போகும், வள்ளத்து எஞ்சின் களவு போகும், ஆள் அசந்தால் முச்சக்கரவண்டியின் பின் சீட்டே களவு போகும். அதெல்லாம் நியாயமான களவு. மாலை மாற்றிய மாப்பிள்ளை பொம்பிளையையும், பின்னால் நின்று பல்லைக் காட்டிய மாமன் மச்சானையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறவன், அவர்களை எங்கே கொண்டுபோய் விற்பான்?

“மிஸ், இவனைப் புடிச்சா என்ன குத்தம் போடுற? ஆள் கடத்தலா?” என்று ஹாண்டிலைத் திருப்பியபடி கேட்டான்.

பின் சீட்டில் இருந்த குணேஸ்வரி சிரிக்கவில்லை. சிரித்தால் அவன் இன்னும் நாலு வசனம் எடுத்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும்.

“ரோட்டைப் பாரும் தாஹிர். முன்னுக்கு மான் நிக்குது.”

மான் நின்றது. மணல்மூட்டைக் காவலரணுக்கு நேரே, துவக்கோடு நின்ற கடற்படைக்காரனைக் கொஞ்சமும் மதிக்காமல், நடுத்தெருவில் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது.

“பாருங்க மிஸ், இவருக்கு ஐடென்டிட்டி கார்ட்டும் தேவையில்ல, பாஸும் தேவையில்ல,” என்றான் தாஹிர். உண்மையாகவே அவனுக்குப் பொறாமைதான்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. வடக்கே போக வேண்டியவர்கள் எல்லாரும் திருகோணமலைக்கு வந்து கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். கப்பலுக்குப் பாஸ் வேண்டும், பாஸுக்குப் படம் வேண்டும். ஆகவே ஊரில் எந்த வியாபாரம் படுத்தாலும் ஸ்டூடியோக்காரர்களுக்கு மட்டும் மூச்சுவிட நேரமில்லை. அப்படி மூச்சுவிட நேரமில்லாத ஒருவர்தான் காலையில் குணேஸ்வரிக்குப் போன் எடுத்து அழாக்குறையாகப் பேசியிருந்தார்.

குணேஸ்வரி முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடைகளையும் தாண்டுபோன வள்ளங்களையும் பார்வையிட்டு, தானாக எரிந்ததா, ஆள் வைத்து எரித்ததா என்று சொல்லுகிற உத்தியோகம். நிலைமை மோசமானதும் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போயிற்று. அவர் போகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ‘தனியார் விசாரணை’ என்று பலகை தொங்கவிட்டார். தாஹிரின் முச்சக்கரவண்டி அந்தக் கந்தோரின் கீழ்மாடி மாதிரி. வண்டியோடு தாஹிரின் வாயும் சேர்ந்து வந்தது, வேண்டாமென்றாலும்.

உட்துறைமுக வீதியில் ‘கோமளா ஸ்டூடியோ’வுக்கு வெளியே பாஸ் படத்துக்கு நின்ற வரிசை பக்கத்துச் சாப்பாட்டுக் கடை வரை போயிருந்தது. முதலாளி அருளம்பலம் வரிசையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து இருவரையும் உள் அறைக்குக் கூட்டிப் போனார். அறுபதைத் தாண்டிய மனிதர். சேர்ட்டின் பொத்தானை மாறிப் பூட்டியிருந்தார்.

உள் அறையில் ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கதிரை. கதிரையில் இருக்கப் பயந்து சுவரோடு ஒட்டி நின்றான் அஸீம். குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் துறை கடந்து வேலைக்கு வருகிறவன். கொம்பியூட்டர் வேலை முழுவதும் அவன் பொறுப்பு. கண் இரண்டும் சிவந்திருந்தன.

“வைரஸ் பிடிச்சிட்டுது எண்டு சொல்லி, போன கிழமை இவன் விண்டோஸை அழிச்சுப்போட்டு வேற என்னவோ ஒண்டைப் போட்டவன், பிள்ளை,” என்றார் அருளம்பலம்.

“லினக்ஸ், மிஸ்,” என்றான் அஸீம் சன்னமாக. “ஊர்ல எல்லாற்ற பென்ட்ரைவ்லயும் வைரஸ். லினக்ஸுக்கு அது ஒட்டாது. சீடி சும்மா தபால்ல வந்த.”

“சும்மா வந்தபடியால்தான் என்ர கடையையும் சும்மா ஆக்கிப்போட்டுது!”

“படம் எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு மாத்தி, புதுசைப் போட்டாப் பிறகு திருப்பிக் கொண்டுவந்து வச்சனான் மிஸ். ஒண்டையும் விடல்ல. அல்லா மேல ஆணை.”

நேற்று ஒரு புது மாப்பிள்ளை ஆல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய வந்திருக்கிறான். கல்யாணப் போல்டரைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு குட்டிப் போல்டர், ஊர் பேர் எல்லாம் சரி. ஒவ்வொன்றாகத் திறந்தால் ஒரு படமும் இல்லை. பெயர்ப்பலகை மாட்டிய வீடுகள், உள்ளே குடியில்லாமல் கிடந்த மாதிரி.

“ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும்,” என்று அருளம்பலம் கையை வீதிக்கு நேரே நீட்டினார். “முன்னுக்கு இருக்கிற ஜவாஹிர். அவன்ர கடைக்குக் கலியாண ஓடர் வாறேல்லை. என்ர படங்களைத் தன்ர கைவேலை எண்டு காட்டி ஓடர் பிடிக்கப் பாக்கிறான். இந்தப் பொடியன் அள்ளிக் குடுத்திட்டு இஞ்ச அழிச்சுப்போட்டான்.”

“நான் ஏன் ஐயா குடுக்கிற?”

“பேசாத நீ!”

கத்தியவர் சட்டென்று அடங்கிப்போனார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு பேசியது வேறு ஆள் மாதிரி இருந்தது.

“கலியாணக்காரர் ஏசினா ஏசட்டும், பிள்ளை. நான் திருப்பிக் குடுக்கிறதைக் குடுத்துச் சமாளிப்பன். ஆனா என்ர மகன்ர படமும் அதோட போயிட்டுது.”

கோணேஸ். ஒரே மகன். போன வருஷம் சைக்கிளில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனான். சைக்கிள் வேலியோடு சாத்தியபடி நின்றது, அவனைக் காணவில்லை. யார் கொண்டு போனது, எங்கே கொண்டு போனது, ஒருவருக்கும் தெரியாது. பழைய ஆல்பங்கள் சுனாமியோடு கடலுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு புதுக் கமெரா வாங்கிய அன்று தாய் எடுத்த ஒரே ஒரு படம் இந்தக் கொம்பியூட்டரில் இருந்தது.

“ஒவ்வொரு சுத்திவளைப்பிலயும் ஆமி வீட்டுக்குள்ள வந்து குடும்பக் கார்டைப் பாத்து, இவன் எங்க எண்டு கேக்கிறாங்கள். எங்க எண்டு நான் சொல்ல? எனக்கு இனி ஏலாது. மரணச் சேட்டிபிகேட் எடுத்தா பேரை வெட்டலாம் எண்டு எங்கட கிராமசேவகர் விதானையார் சொன்னார். படத்தோட இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள வரட்டாம். நாளைக்குப் பத்திரங்கள் மாவட்டக் கச்சேரிக் கந்தோருக்குப் போகுது. இதை விட்டா இனி எப்ப எண்டு தெரியாது.”

தாஹிருக்கு வாயில் வந்த பகிடி திரும்பி உள்ளே போயிற்று.

“பொலிசுக்குப் போகாம ஏன் என்னைக் கூப்பிட்டனீங்கள், அண்ணை?” என்று குணேஸ்வரி மெல்லக் கேட்டார்.

“அங்க போனா முதல் கேள்வியே மகன் எங்க எண்டுதான். ஆனா உங்களாலயும் ஏலாட்டி, பின்னேரம் இவனைக் கொண்டுபோய் அங்கதான் விடுவன்.”

அஸீமின் முகம் வெளிறியது. அந்த நாட்களில் ஓர் இளந்தாரியைப் பொலிசில் கொண்டுபோய் விடுவது என்பது சின்னக் கதை இல்லை. இருபத்தைந்து வயதில் அவன் அதைப் பாடமாக அறிந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து அருளம்பலத்தின் மனைவி அன்னலட்சுமி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். ஸ்டூடியோவில் படங்களுக்கு நிறம் திருத்துவது, பெயர் வைத்துச் சேமிப்பது எல்லாம் அவருடைய கைவேலைதான். பாஸ் படங்களை மட்டும் அஸீம் பார்த்துக்கொள்வான்.

“போனது போகட்டும்,” என்றார் அன்னலட்சுமி, கோப்பையைத் தாஹிரின் கையில் வைத்தபடி. “அந்தப் பிள்ளையைப் பேசாதேங்கோ.”

கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. பெற்ற மகனின் ஒரே படம் காணாமல் போயிருக்க, இந்த மனிசி சீனி காணுமா என்று கேட்கிறாரே! தாஹிர் கோப்பைக்கு மேலாகக் குணேஸ்வரியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். குணேஸ்வரி பார்க்காத மாதிரி இருந்தார். அவர் அஸீமிடம் வேறு ஒன்றைக் கேட்டார்.

“போனதை விடும் தம்பி. என்னென்ன மிஞ்சினது?”

“பாஸ் படம் முழுக்க இரிக்கு மிஸ். ஐடென்டிட்டி கார்ட் படம் இரிக்கு. சுனாமியில உடைஞ்ச வீட்டுப் படங்கள், செத்த வீட்டுப் படங்கள், எல்லாம் அப்புடியே இரிக்கு.”

“போனது?”

“கல்யாணம், சாமத்தியச் சடங்கு, புள்ளை பொறந்து முப்பத்தோராம் நாள் எடுத்த படங்கள். ஐயாட வீட்டுப் போல்டர்ல சுனாமிப் படங்கள் கிடக்கு, கோணேஸ் அண்ணன்ட படம் மட்டும் இல்ல.”

“கள்ளன் நல்ல காரியத்துக்கு மட்டும் போறவன் போல,” என்று தாஹிருக்கு அடக்க முடியவில்லை. “செத்த வீட்டுச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது.”

வழக்கமாக இப்படியான பகிடிக்குக் குணேஸ்வரி ஒரு முறைப்பாவது தருவார். இந்த முறை அவனைத் திரும்பிப் பார்த்து, “அதைத் திருப்பிச் சொல்லும்,” என்றார்.

தாஹிர் திருப்பிச் சொன்னான். இரண்டாம் தரம் சொன்னபோது அது பகிடியாகவே இல்லை.

குணேஸ்வரி கைப்பையைத் திறந்து ஒரு பென்ட்ரைவை எடுத்தார். “தாஹிரின்ர ஊர், கிண்ணியாக் கல்யாணம் ஏதும் இதுக்குள்ள இருந்ததோ?”

“நபீஸா மச்சிட கல்யாணம் மிஸ். இந்தா போல்டர். உள்ளுக்கு ஒண்டுமில்ல.”

“அதையும் வீட்டுப் போல்டரையும் இதில ஏத்தும்.”

“வெறும் போல்டர் மிஸ்…”

“வெறுசா இருந்தாலும் ஏத்தும்.”

அஸீம் எலியை இரண்டு தரம் அமுக்கிவிட்டு நிமிர்வதற்குள் வெளியே வரிசையில் சத்தம் கிளம்பியது. கப்பல்காரர்கள் இன்றைக்குப் பாஸ் கந்தோருக்குப் போக வேண்டுமாம். அருளம்பலம் கத்த, அஸீம் கமெராவைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினான். அருளம்பலமும் பின்னால் போனார். திரையில் ஒரு நீலக் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்தது. தாஹிர் தேத்தண்ணீரை ஆற ஆறக் குடித்து முடித்தான். கோடு இன்னும் ஊர்ந்துகொண்டே இருந்தது.

“என்ன மிஸ் இது? வெறும் வீட்டைக் காலி பண்ண இவ்வளவு நேரம் எடுக்குதே. கதவை ஜன்னலைக் கழட்டி ஏத்துதா?”

குணேஸ்வரியின் உதட்டோரத்தில் ஒன்று வந்து போனது. எரிந்த கடைகளுக்குள் நின்று, எரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கிறபோது அவருக்கு வருகிற சிரிப்பு அது.

கோடு முடிந்ததும் பென்ட்ரைவைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். “வாரும். ஜவாஹிரைப் பாப்பம்.”

வீதியைக் கடப்பதற்குள் தாஹிர் தன் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டான்.

“ஜவாஹிர் நானாவும் இல்ல, அஸீமும் இல்ல மிஸ். அந்த அன்ரிதான். படம் இல்லாட்டி மரணச் சேட்டிபிகேட் இல்ல. புருஷன் கேக்கக்குள்ள ஏலாது எண்டு சொல்ல வழியில்ல. அதால புள்ளட படத்தை அழிச்சுப்போட்டு, சந்தேகம் வராம இருக்கக் கல்யாணங்களையும் சேத்து அழிச்சிட்டா.”

“நல்ல யோசனை.”

“அப்ப சரியா?”

“பிழை. ஆனா நல்ல யோசனை. அவவுக்குப் படம் கிடைக்காட்டி நிம்மதிதான், அது முகத்தில தெரிஞ்சது. ஆனா நிம்மதியா இருக்கிறவையெல்லாம் கள்ளரில்லை, தாஹிர்.”

ஜவாஹிரின் கடை பாதி ஸ்டூடியோ, பாதி போன் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் பூக்களோடு மங்கிப்போன மாதிரிப் படங்கள். உண்மையில் கல்யாண ஓடர் வருகிற கடை மாதிரி அது தெரியவில்லை. ஜவாஹிர் கொழுத்த மனிதர். விசிறிக்கு நேரே கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தார்.

“வாங்க மிஸ். அருளம்பலம் அண்ணன் என்னைக் கள்ளன் எண்டு வரிசையில நிக்கிற சனத்துக்கெல்லாம் சொல்றாராம். நான் கோவிக்கல்ல. அவர்ட நிலைமை எனக்குத் தெரியும்.”

“நான் ஒரு படம் பிரிண்ட் எடுக்க வந்தனான்,” என்றார் குணேஸ்வரி, பென்ட்ரைவை நீட்டி.

“வைரஸ் இல்லையே? எண்ட விண்டோஸ் ஏற்கெனவே சளி புடிச்சுக் கிடக்கு.”

ஜவாஹிர் பென்ட்ரைவைச் செருகினார். எதையோ அமுக்கினார். திரை விரிந்தது. தாஹிர் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே உறைந்துபோனான்.

திரையில் அவன் இருந்தான். நபீஸாவின் கல்யாணப் பந்தலில் சஹன் என்கிற பெரிய தட்டுக்கு முன்னால் சம்மணமிட்டு, இரண்டு கன்னமும் உப்ப, புரியாணியோடு போராடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாப்பிள்ளை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம், இன்னொரு படம், நபீஸாவின் கல்யாணம் முழுவதும் வரிசையாக ஜவாஹிரின் திரையில்!

“அட கள்ளப் பயலே!” தாஹிர் மேசையைத் தாண்டப் பாய்ந்தான். “நபீஸாட கல்யாணம்! மிஸ், புடிச்சிட்டம்! கையும் மெய்யுமா! எண்ட படத்தையே வச்சிருக்கான்!”

ஜவாஹிர் கதிரையோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தார். “என்ன மிஸ் இது? ஆளைப் புடிங்க! இது உங்கட பென்ட்ரைவ்!”

“தாஹிர்,” என்று குணேஸ்வரி அவன் சேர்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். “அது நாங்கள் கொண்டுவந்த பென்ட்ரைவ்தான்.”

“அதுக்குள்ள ஒண்டும் இல்லையே!”

“வீதிக்கு அந்தப் பக்கம் ஒண்டும் இல்லை. இந்தப் பக்கம் எல்லாம் இருக்குது.”

தாஹிர் வீதியை எட்டிப் பார்த்தான். அதே தார் வீதி, அதே மாட்டு வண்டில்.

“இன்சூரன்ஸில இருக்கேக்க எனக்கொரு பழக்கம்,” என்றார் குணேஸ்வரி, பென்ட்ரைவின் சொந்தக்காரி என்ற உரிமையோடு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து. “வெறும் பெட்டி எண்டு ஆரும் சொன்னா நான் திறந்து பாக்கிறேல்லை. தூக்கிப் பாப்பன். அந்தப் போல்டரை ஏத்த எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு கண்டனீர்தானே? வெறும் பெட்டி அவ்வளவு பாரம் இருக்காது. ஆகவே படம் போகேல்லை. அங்கயே இருக்குது. கொம்பியூட்டர்தான் காட்டுதில்லை.”

“ஏன் காட்டுதில்ல? அதுக்கு எங்களோட என்ன கோவம்?”

“அதைத்தான் பாக்க வேணும். ஜவாஹிர், பேருகளைப் பெரிசாக்கிக் காட்டுங்கோ.”

ஜவாஹிர் பெரிதாக்கினார். ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. கிண்ணியா, நபீஸா, ஒன்று, இரண்டு என்று இலக்கம். பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு புள்ளி.

“திரையில தூசி,” என்று தாஹிர் எச்சில் தொட்டுத் துடைத்தான். புள்ளி போகவில்லை. அடுத்த பெயரிலும் புள்ளி. அதற்கடுத்ததிலும். எல்லாவற்றிலும் பெயரின் நெற்றியில் ஒரு புள்ளி.

“நீங்கள் இப்பிடிப் புள்ளி வச்சு ஃபைலுக்குப் பேர் போடுறனீங்களோ?” என்று குணேஸ்வரி ஜவாஹிரைக் கேட்டார்.

“இல்ல மிஸ். எந்தப் பைத்தியக்காரன் பேருக்கு முன்னுக்குப் புள்ளி வைப்பான்?”

குணேஸ்வரி இப்போது வீட்டுப் போல்டரைத் திறக்கச் சொன்னார். சுனாமியில் இடிந்த சுவர்கள் வந்தன. அவற்றின் பெயர்களில் புள்ளி இல்லை. அந்த இடிந்த சுவர்களுக்கு மேலே, முதலாவதாக, மீசை அரும்பிய ஓர் இளைஞன் கமெராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். பெயர் கோணேஸ். முன்னால் புள்ளி.

குணேஸ்வரி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிண்ட் எடுக்கவா என்று ஜவாஹிர் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்து, பென்ட்ரைவைக் கழற்றிக்கொண்டார். வெற்றி கிடைத்த முகம் இல்லை அது. ஏன் என்று தாஹிருக்கு அப்போது விளங்கவில்லை.

கோமளா ஸ்டூடியோவில் அஸீமைக் கூப்பிட்டு ‘முன்னால் புள்ளி’ என்ற இரண்டு சொல்லைத்தான் குணேஸ்வரி சொன்னார். அஸீம் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“அல்லாவே! படிச்சனான் மிஸ், புத்தகத்தில படிச்சனான்! பேர் புள்ளியில துவங்கினா அது தன்ட சொந்தச் சாமான் எண்டு நினைச்சு லினக்ஸ் ஒளிச்சுப்போடும். விண்டோஸுக்கு அந்தப் பழக்கம் இல்ல, புள்ளி வச்சாலும் காட்டும். படத்துக்கு ஆர் புள்ளி வைக்கப் போறான் எண்டு நான் யோசிக்கவே இல்ல!”

கொம்பியூட்டருக்கு முன் பாய்ந்து இருந்து இரண்டு விசையை ஒன்றாக அமுக்கினான். வெறும் போல்டர் ஒரு நொடியில் நிரம்பியது. மாலைகள், குத்துவிளக்குகள், கூறைச் சேலைகள், சாமத்தியப் பிள்ளைகள், தொட்டிலில் வாய் பிளந்த குழந்தைகள். போன கிழமையிலிருந்து ஒளிந்திருந்த சனம் முழுவதும் திரும்பி வந்து திரையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

அருளம்பலம் கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியாமல். பிறகு அஸீமின் தோளைப் பிடித்தார். “இரு தம்பி, இரு, எழும்பாத,” என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அஸீமுக்கு அது போதுமாக இருந்தது.

“சரி, புள்ளி வச்ச ஆள் ஆரு?” என்றான் தாஹிர்.

“நான்தான்,” என்று வாசலில் நின்ற அன்னலட்சுமி சொன்னார், இதில் என்ன இருக்கிறது என்ற மாதிரி. “அது புள்ளி இல்லை, பொட்டு. வெறும் நெத்தியோட நல்ல காரியத்தைத் தொடங்கலாமோ? சந்தனம் வைக்கக் கொம்பியூட்டரில இடமில்லை. அதால அதை வைப்பன்.”

தாஹிர் விழுந்து விழுந்து சிரித்தான். “அன்ரி, கிண்ணியாக் கல்யாணத்துக்குமா? எங்கட மாப்பிள்ளைக்கும் பொட்டு வச்சு விட்டிட்டீங்களே!”

“கலியாணம் எண்டா கலியாணம்தானே தம்பி. ஆற்ற எண்டு பாத்தோ வைக்கிறது?”

அஸீமும் சிரித்தான். அருளம்பலம்கூடச் சிரித்தார். குணேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேட்க விரும்பாத ஒன்றைக் கேட்கப் போகிறார் என்பது தாஹிருக்குத் தெரிந்தது.

“செத்த வீட்டுப் படங்களுக்கு வைக்கிறேல்லையோ, அக்கா?”

“சீ! அதுக்கு ஆரும் பொட்டு வைப்பினமோ?”

அறையில் சிரிப்பு நின்றது. அஸீம் ஏற்கெனவே வீட்டுப் போல்டரைத் திறந்திருந்தான். திரையில் கோணேஸ் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் பெயருக்கு முன்னால் அந்தப் பொட்டு இருந்தது.

அருளம்பலம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். மகனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கீழே, பெயரைத்தான் பார்த்தார்.

“அன்னம்,” என்றார் திரும்பாமல். “இவனுக்கும் ஏன் வைச்சனி?”

“இவனுக்கு வைக்காம வேற ஆருக்கு வைக்கிறது?”

அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அன்னலட்சுமி தேத்தண்ணீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார். போன வருஷத்திலிருந்து இந்த ஒரு விஷயத்தை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை என்பது தாஹிருக்கு அந்தக் கோப்பைகளின் சத்தத்தில் விளங்கியது. இந்த மனிசியைப் போய்க் கள்ளி என்று நினைத்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அஸீமுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தப்பிப் பிழைத்த உற்சாகத்தில் இருந்தான். “ஐயா, விதானையாருக்கு ரெண்டு கொப்பி எடுக்கட்டா? பேருக்கு முன்னுக்கு உள்ளதை அழிச்சும் விடுறன். பிறகு எந்தக் கொம்பியூட்டர்லயும் ஒளியாது.”

“தொடாத!”

அருளம்பலம் போட்ட சத்தத்தில் வெளியே வரிசைகூட அமைதியானது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். “அதை அழியாத தம்பி. அது அப்பிடியே இருக்கட்டும்.”

“அப்ப சுத்திவளைப்பில வந்து கேட்டா, அண்ணை?” என்றார் குணேஸ்வரி.

“கேக்கட்டும். இன்னும் வரேல்லை எண்டு சொல்லுறன்.”

அன்னலட்சுமியின் கையில் ஒரு கோப்பை மற்றொன்றோடு முட்டியது. அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். அருளம்பலம் வாசல் பக்கம் திரும்பினார். வெயில் தார் வீதியில் கொதித்துக்கொண்டிருந்தது. பாஸ் படத்துக்கு நின்றவர்களின் நிழல் அவரவர் காலடியை விட்டு இன்னும் நகரவில்லை.

“விதானையாரும் இப்ப கந்தோரைப் பூட்டியிருப்பார்,” என்றார்.

அஸீம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எதையோ சொல்ல வாயெடுத்தான். தாஹிர் அவன் காலை மிதித்தான். ஒரு பொய்க் கணக்குக்கும் ஒருநாளும் கையெழுத்து வைக்காத குணேஸ்வரி, தன் கைக்கடிகாரத்தைச் சேலைத் தலைப்பால் மெல்ல மூடிக்கொண்டார்.

“ஓம் ஐயா,” என்றான் தாஹிர். “வரக்குள்ள நானே கண்டனான். பூட்டிப்போட்டு ஆள் போயிட்டார்.”